பழைய வண்டிக்குப் புது டயர்: எண்ணைப் பார்த்து வாங்குங்கள்!

மரக்காணம் உப்பளத்தில் வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது. ஆகவே விடியுமுன்பே ஆட்கள் வேலைக்கு வந்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் நடந்து வந்தார்கள். பிறகு சைக்கிளில் வந்தார்கள். இன்று மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள்.

பெரும்பாலும் பழைய வண்டிகள். இரண்டு கை, மூன்று கை மாறி வந்தவை. வண்டியோடு வந்த விளக்கப் புத்தகம் எப்போதோ தொலைந்துபோயிருக்கும். டயர் தேய்ந்தால், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதுதான் டயர். “இதுவும் அதுவும் ஒன்றுதான், போட்டுக்கலாம்” என்பார். சில சமயம் அது உண்மை. சில சமயம் ஆபத்து!

ஐப்பசியில் மழை பிடித்தால் உப்பு விளையாது. வேலை நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். டயர் வாங்கும் செலவைத் தை மாதத்துக்குத் தள்ளிப் போடுவார்கள். ஆனால் நல்ல டயர் தேவைப்படுவதோ அந்த மழை மாதங்களில்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்துகள் பறக்கின்றன. பின்னால் மனைவியும் நடுவில் குழந்தையும் உட்கார்ந்திருக்க, ஈரச் சாலையில் மொட்டை டயர் வழுக்கினால் என்ன ஆகும்?

எண்கள் சொல்வது என்ன?

டயரின் பக்கவாட்டில் சில எண்கள் புடைத்து நிற்கும். பழைய புல்லட் டயரில் 3.25-19 என்று இருக்கும். முதல் எண் டயரின் அகலம். அடுத்தது ரிம்மின் குறுக்களவு. இரண்டும் அங்குலக் கணக்கு. அதாவது டயர் மூன்றேகால் அங்குல அகலம்; ரிம் 19 அங்குலம்.

டயரின் உயரம் எங்கே? பழைய கணக்கில் உயரமும் ஏறக்குறைய அகலத்தின் அளவுதான். அதனால் அதைத் தனியே எழுதவில்லை.

இப்போது கடைக்குப் போனால் 90/90-19 என்ற டயரை எடுத்து நீட்டுவார்கள். இதில் முதல் 90, அகலம், மில்லிமீட்டர் கணக்கு. இரண்டாவது 90, உயரம். ஆனால் அது மில்லிமீட்டர் அல்ல. அகலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு என்று பொருள். அதாவது 81 மில்லிமீட்டர். ரிம் மட்டும் பழையபடி அங்குலத்திலேயே நிற்கிறது! ஒரே டயரில் இரண்டு விதமான அளவு. வாங்குகிறவர் குழம்பாமல் என்ன செய்வார்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் குழப்பம் தீரும். 19 அங்குலம் என்பது 482.6 மில்லிமீட்டர். அதோடு டயரின் உயரத்தை மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை கூட்ட வேண்டும். பழைய 3.25-19 டயருக்குச் சுமார் 648 வருகிறது. புதிய 90/90-19 டயருக்குச் சுமார் 645. வித்தியாசம் 3 மில்லிமீட்டர். ஒரு நெல்மணியின் நீளம்கூட இல்லை. எனவே இங்கே கடைக்காரர் சொன்னது சரி.

ஆனால் பின்னாளில் வந்த ‘கிளாசிக் 350’ வண்டிகள் சிலவற்றில் பின் சக்கரத்துக்கு 110/90-18 டயர். “அதுவும் அதே கம்பெனி வண்டிதானே” என்று பழைய புல்லட்டுக்குக் கேட்டால் நடக்காது. 19 அங்குல ரிம்மில் 18 அங்குல டயர் ஏறவே ஏறாது. கடைசி எண்ணில் பேரமே கிடையாது.

ஸ்பிளெண்டர் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். பழைய ஸ்பிளெண்டரில் 2.75-18. புதிதாக வருவதில் 80/100-18. ரிம் ஒன்றுதான், டயர் ஏறிவிடும். ஆனால் சக்கரத்தின் மொத்தக் குறுக்களவு சுமார் 2 சென்டிமீட்டர் கூடிவிடும். மட்கார்டிலும் சங்கிலி மூடியிலும் உரசாமல் சுற்றுகிறதா என்று கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். 80/90-18 கிடைத்தால், அது பழைய அளவுக்கு மிகவும் நெருங்கி வரும்.

குண்டு டயர் ஆசை

இளைஞர்களுக்குப் பின்பக்கம் டயர் குண்டாக இருக்க வேண்டும். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய புல்லட்டின் ரிம் 1.85 அங்குல அகலமே உள்ளது. அதில் அகல டயரைத் திணித்தால் இரு ஓரமும் உள்ளே இழுக்கப்பட்டு, நடுப்பகுதி பந்துபோல் பிதுங்கும். நடுவில் மட்டும் தேயும். திருப்பத்தில் வண்டி அலையும். சங்கிலியில் உரசினால் டயரும் போச்சு, பணமும் போச்சு!

அளவு ஒன்றாக இருந்தாலும் போதாது. பழைய ஸ்பிளெண்டரில் முன்னும் பின்னும் 2.75-18தான். ஆனால் முன் டயரில் 42 பி என்றும், பின் டயரில் 48 பி என்றும் இருக்கும். இந்த எண் சுமையைக் குறிக்கும். 42 என்றால் 150 கிலோ தாங்கும். 48 என்றால் 180 கிலோ. ‘பி’ என்ற எழுத்து வேகத்தைக் குறிக்கும்: மணிக்கு 150 கிலோமீட்டர் வரை. (அந்த வேகத்துக்கு ஸ்பிளெண்டரில் வேலை இல்லை!) விலை குறைகிறதே என்று முன் டயரைப் பின்னால் மாட்டி, ஓர் ஆளையும் ஒரு மூட்டையையும் ஏற்றினால், முழுச் சுமையும் அந்த டயரின் தலையில்தான் விழுகிறது.

இந்தக் கடற்கரைக்கும் புல்லட்டுக்கும் ஓர் உறவு உண்டு. மரக்காணத்தில் முடிகிற பக்கிங்காம் கால்வாய், வடக்கே திருவொற்றியூர்ப் பக்கமாகவே போகிறது. ஒரு காலத்தில் இந்தக் கால்வாயில் உப்பு ஏற்றிய படகுகள் சென்றன. அந்தத் திருவொற்றியூரில்தான் 1955-ல் அமைந்த என்ஃபீல்டு இந்தியா கம்பெனி புல்லட்டைத் தயாரித்தது. மாமன் மாப்பிள்ளை என்பவர் 1946-ல் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய கொட்டகையும் அங்கேதான் இருந்தது. அது 1961-ல் டயர் தொழிற்சாலையாக வளர்ந்தது. அதுதான் எம்.ஆர்.எஃப்.!

உப்பு எதைத் தின்னும்?

உப்பு ரப்பரைத் தின்னாது, இரும்பைத் தின்னும். உப்பு நீர் கம்பித் துளை வழியாக ரிம்முக்குள் இறங்குகிறது. வெளியே பளபளப்பு இருக்கும். உள்ளே துரு செதில் செதிலாக எழும்பும். அந்தச் செதில் டியூபைக் கீறும். ஆணியும் முள்ளும் இல்லாமலே அடிக்கடி பஞ்சர் ஆகிறதே என்று வியப்பவர்கள், டயரைக் குற்றம் சொல்வதை விட்டு ரிம்மைப் பார்க்க வேண்டும்.

டயர் கழற்றும் நாளே அதற்கு நல்ல நாள். ரிம்மின் உட்புறத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாயம் பூசிக் காயவிட்டு, கம்பி முனைகளை மூடும் ரப்பர் பட்டையைப் புதிதாகப் போடச் சொல்லலாம். டியூபும் டயரின் அளவுக்கே இருக்க வேண்டும். சிறிய டியூப் அளவுக்கு மீறி விரிந்து மெலிந்துவிடும். பெரியது உள்ளே மடிந்து அறுந்துவிடும். தினமும் வேலை முடிந்ததும் சக்கரங்களில் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றினால் துரு தள்ளிப் போகும்.

டயரை எப்போது மாற்றுவது? இரு சக்கர வண்டி டயரில் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். பள்ளத்துக்குள் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால், மாற்றும் நாள் வந்துவிட்டது.

கடைசியாக, பணம் கொடுக்குமுன் டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு எண்களைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். கடை வாசலில் வெயிலில் தொங்கி வெடிப்பு விட்ட பழைய சரக்கு என்றால், வேறு எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.