பூட்டன் எங்கே பிறந்தான்? தாது வருஷத்தில் போனவர்களைத் தேடுவது பற்றி

சில வருஷங்களுக்கு முன்னால் தென்னாப்பிரிக்கா டர்பனிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் மம்சாபுரம் வந்தார்கள். கையில் ஒரே ஒரு தாள். இரண்டு பேருக்கும் தமிழ் கிடையாது. இங்கிலீஷ் தெரிந்த, வேறு வேலை இல்லாத ஆள் என்று ஊரில் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். 1878-ல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் போன ஒரு கப்பலின் ஆள்வரிசையில் ஒரே ஒரு வரியைப் பிரதியெடுத்து வந்திருந்தார்கள். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் என்று வரிசையாகக் கட்டங்கள். டீக்கடை பெஞ்சில் இருந்த பெரியவர் நான் வாசித்து முடிக்கிறவரை பொறுக்கவில்லை. "யாரு வகையறான்னு கேளுப்பா. எந்தத் தெருவுன்னு கேளு."

பதில் ஆறாவது கட்டத்தில் இருந்தது. நான் அதை வாசிக்கவில்லை.

முன்னோரைத் தேடுவது என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது அயர்லாந்துக்காரர்கள்தான். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. 1852-க்குள் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்குக் குறையாத தொகை கப்பலேறியது. அவர்களுடைய பேரன் பேத்திகளின் பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து பூட்டன் பிறந்த கிராமத்தைத் தேடி இன்றைக்கும் போகிறார்கள். அது லேசான காரியமும் அல்ல. 1922 உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக்காப்பகம் எரிந்தபோது பஞ்ச காலத்துக் குடிக்கணக்குகள் அநேகமாகச் சாம்பலாகிவிட்டன. மிஞ்சியவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, கிரிஃபித் என்பவர் தலைமையில் 1847 முதல் 1864 வரை எடுக்கப்பட்ட நிலமதிப்பீடு. மற்றது, கோவில்பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடு. முன்னது வரிக்காக எழுதப்பட்டது, பின்னது மோட்சத்துக்காக. பேரன் வந்து தேடுவான் என்று எந்த எழுத்தனும் எழுதி வைக்கவில்லை. சாமானியனின் பெயர் அதிகாரத்தோடு உரசிய இடத்தில் மட்டுமே வெளிச்சத்துக்கு வருகிறது என்று ஃபூக்கோ சொன்னது இங்கே அட்சரசுத்தமாகப் பொருந்துகிறது.

அயர்லாந்துக்கும் நமக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. அயர்லாந்துப் பஞ்ச நிவாரணத்துக்கு லண்டன் கஜானாவிலிருந்து காசை அளந்து கொடுத்தவர் சார்ல்ஸ் ட்ரெவெல்யன். பஞ்சத்தைக் கடவுளின் ஏற்பாடாகக் கண்ட மனிதர். அவரே 1859-ல் சென்னை மாகாணத்துக்குக் கவர்னராக வந்தார், 1860-ல் திருப்பி அழைக்கப்பட்டார். அதே 1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையைவிட்டுக் கிளம்பி, நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. ஆளைச் சொல்லவில்லை, மனநிலையைச் சொல்கிறேன். 1876-ல் இங்கே மழை பொய்த்தபோது அந்த மனநிலைக்கு ரிச்சர்ட் டெம்பிள் என்று பெயர். பிகார் பஞ்சத்தில் அரிசியை வரவழைத்து உயிர்களைக் காப்பாற்றி, 'வீண் செலவு' என்று வசவு வாங்கியவர். சென்னைக்கு வந்தபோது பாடம் கற்றிருந்தார். நிவாரண வேலையில் மண் சுமக்கிறவனுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம், மேற்கொண்டு சொற்பச் சில்லறை என்றார். 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் விக்டோரியாவுக்கு மகாராணிப் பட்டம் சூட்டி தர்பார். அந்த வருஷமும் இந்தியக் கோதுமை பிரிட்டனுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. நாடு முழுக்க 50 லட்சத்துக்கு மேல் செத்தார்கள் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் கணக்கு. நாம் இதைத் தாது வருஷப் பஞ்சம் என்கிறோம். சாவு உச்சத்துக்குப் போனது அடுத்த ஈசுவர வருஷத்தில். அதற்கடுத்த வருஷத்தின் பேர் வெகுதானிய! பஞ்சாங்கத்துக்கும் நக்கல் தெரியும் போலிருக்கிறது.

செத்தவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் இல்லை. போனவர்களில் சிலருக்கு இருக்கிறது. 'சிலருக்கு' என்கிற இந்தச் சொல்லில்தான் விஷயமே இருக்கிறது.

நேட்டாலுக்கு 1860-லிருந்து 1911 வரை போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழி போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி உண்டு. ஏனென்றால் ஒவ்வொருவரும் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் ஒரு முதலாளிக்குக் கட்டப்பட்டவர். ஓடிப்போனால் பிடிக்க வேண்டும், அதற்குத்தான் நெற்றித் தழும்பும் முழங்கால் மச்சமும். மொரீஷியசில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கும் ஏடுகளோடு பிற்காலத்தவரின் போட்டோகூட உண்டு. ஃபிஜிக்குப் போனவர்களுக்கு ஆளுக்கொரு குடியேற்றச் சீட்டு. அந்த அடிமைச் சீட்டுதான் இன்றைக்குப் பேரப்பிள்ளைகளுக்கு வம்சப் பத்திரம்.

அதை வாசிப்பதற்கும் பழக்கம் வேண்டும். தாளில் 'விருதுநகர்' என்று தேடினால் கிடைக்காது. 1878-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போனது. 1985-ல் காமராசர் மாவட்டம், 1997-ல் விருதுநகர் மாவட்டம். ஊர் நகரவில்லை, ஜில்லாதான் நகர்ந்துகொண்டே இருந்தது. ஊர்ப்பெயரையோ கூலி தன் வாயால் சொல்ல, டிப்போ எழுத்தன் தன் காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதினான். கண்ணால் வாசித்தால் புரியாது, வாய்விட்டு வாசிக்க வேண்டும். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அங்கே எவனோ ஒருவனின் முதல் பெயர், ஐந்து தலைமுறைக்கும் குடும்பப்பெயராக நின்றுவிட்டது. 'முனுசாமி' என்பதைக் குடும்பப்பெயராக வைத்துக்கொண்டு ஊரில் தேடினால் முனியசாமி கோவிலுக்குத்தான் வழி சொல்வார்கள். பட்டாவும் 'அ' பதிவேடும் நிலம் இருந்தவனைத்தான் சொல்லும். போனவர்களில் பெரும்பாலோருக்கு நிலமே இல்லை. அயர்லாந்தில் உள்ளது போலக் கோவில் பதிவேடு நமக்கு உண்டா என்றால், வேதத்தில் சேர்ந்தவர்களுக்கு உண்டு. கால்டுவெல் பிஷப்பாக இருந்த திருநெல்வேலியில் அந்தப் பஞ்ச காலத்தில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். மற்றபடி நம்முடைய கோவில்களின் ஏட்டில் ஏழையின் பேர் ஏறுவதற்கு அவன் திருடியிருக்க வேண்டும்.

இனி கண்டிச்சீமைக்கு வருவோம். எங்கள் பாட்டியின் அப்பாவோடு பிறந்தவர் ஒருவர் தாது வருஷத்தில் கண்டிக்குப் போனவர். "கண்டித் தாத்தா, கண்டித் தாத்தான்னுதான் சொல்லுவாக. பேரு யாருக்குத் தெரியும்?" என்பாள் பாட்டி. அவளுக்குத் தெரியாதது எந்த ஆவணக்காப்பகத்திலும் இல்லை. நேட்டாலுக்குப் போனவரைவிடக் கண்டிக்குப் போனவர்கள் பன்மடங்கு அதிகம். ஆனால் அது ஒப்பந்தம் அல்ல, கங்காணி முறை. கங்காணி முன்பணம் கொடுத்து, தன் ஊர், தன் உறவு, அடுத்த தெரு என்று ஆள் திரட்டிக் கூட்டிப்போவான். தூத்துக்குடி வழி கொழும்பு, இல்லையென்றால் ராமேஸ்வரக் கரையிலிருந்து மன்னார், அங்கிருந்து காட்டுப்பாதையில் மாத்தளைவரை நடை. வழியில் வாந்திபேதியில் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். சர்க்காருக்குத் தலைகளின் எண்ணிக்கை போதுமானதாக இருந்தது. பெயர் கங்காணியின் கடன்கணக்கில் மட்டும் இருந்தது. ஆளை வேறு தோட்டத்துக்கு மாற்றக் கொடுத்தது 'துண்டு', அதாவது இவன் கடன் இவ்வளவு என்கிற சீட்டு. 1921-ல்தான் அது ஒழிந்தது. 1901 வாக்கில் வந்தது தகரத்துண்டு. தோட்டத்தின் எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்துக் கழுத்தில் மாட்டியது. தகரத்திலும் பேர் இல்லை.

பேரை எழுதாமல் விட்டதே ஒரு காலத்தில் சுதந்திரம் என்று விளக்கப்பட்டது. ஒப்பந்தம் இல்லையே, கூலி எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போகலாமே! இந்த 'சுதந்திர'த்துக்கான விலை 1948-ல் கேட்கப்பட்டது. இலங்கைக் குடியுரிமைச் சட்டம் சொன்னது: ஒருவர் அங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. அவர் தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அதற்கு அத்தாட்சி வேண்டும். பூட்டனை எண்ணாகக்கூட எழுதிவைக்காத ஓர் ஏற்பாடு, பூட்டனின் பிறப்புப் பத்திரத்தைக் கேட்டது. ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனம் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களானது.

அயர்லாந்தில் பிறந்த தாத்தாவோ பாட்டியோ ஒருவர் இருந்தால் போதும், அமெரிக்கப் பேரன் பதிவு செய்து அயர்லாந்துக் குடிமகனாகிவிடலாம். மொரீஷியஸ்காரர்களுக்கு ஏழாம் தலைமுறைவரை வெளிநாட்டு இந்தியர் அட்டை தருவதாக 2024-ல் இந்தியா அறிவித்தது. அவர்கள் கையில் காட்ட ஏடு இருக்கிறது. முன்னோரைத் தேடுவது ஒருவனுக்குப் பொழுதுபோக்கு, இன்னொருவனுக்குப் பாஸ்போர்ட், மலையகத்தானுக்கு அவனை வெளியே தள்ளிய பரீட்சை. 'வேர்களைத் தேடி' என்று உருகி எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்வதே இல்லை.

1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பங்கு போட்டது. அவர்களைக் கேட்டு அல்ல. இந்தியாவுக்கு வரவும் தாளில் ஒரு 'சொந்த ஊர்' எழுதியாக வேண்டியிருந்தது. மிச்சமிருந்தோர் விவகாரம் 2003 சட்டம்வரை இழுத்தது.

டர்பன் தம்பதிக்கு வருகிறேன். ஆறாவது கட்டத்தில் இருந்த சொல் வசவாகவும் சாதிப்பெயராகவும் ஒரே சமயத்தில் வழங்கியது. அவர்களுக்கு அது வெறும் ஆறு இங்கிலீஷ் எழுத்து. அதை நான் டீக்கடையில் உரக்க வாசித்திருந்தால் பெஞ்சில் அவர்கள் உட்கார்ந்திருந்த விதம் மாறியிருக்கும், அவர்களுக்குத் தெரியாமலேயே. 'இந்த ஊர்தான், பெரியவங்க எல்லாம் போயிட்டாங்க' என்று சமாளித்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்சில் அவர்களோடு ஏறினேன். பஸ்சில் விளக்கிச் சொன்னேன். அந்தம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தன் தாத்தா வேறொரு பட்டத்தைப் பேரோடு போட்டுக்கொண்டிருந்தார், அது பொய்யா என்று கேட்டார். கப்பலில் ஏறும்போது ஒரு சாதி, இறங்கும்போது ஒரு சாதி என்று அங்கே ஒரு கேலி உண்டாம். பொய் இல்லை, அந்த ஏட்டில் அவர் திருத்திய ஒரே கட்டம் அது என்றேன். நான் சொன்னது அவருக்குப் புரிந்ததா, தெரியாது. என்னைக் கேட்டால் நான் செய்ததும் சுத்தமான காரியம் இல்லை. அவர்களுக்கு இருந்த உரிமையுள்ள தெருவை, அங்கே இருந்திருக்கக்கூடிய உறவை, அவர்களுக்குக் காட்டாமலேயே கூட்டிவந்துவிட்டேன். அந்தத் தெருவில் கேட்டிருந்தால் யாராவது ஒரு கிழவி 'நேட்டாத் தாத்தா' என்றிருக்கலாம். சாதியை மறைப்பதும் சாதி செய்விக்கிற வேலைதான்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. 1970-களின் தொடக்கம், நான் சிறுவன். சிலோனிலிருந்து ஒரு குடும்பம் எங்கள் தெருவில் வந்து இறங்கியது. தாளில் சொந்த ஊர் மம்சாபுரம். தெருவில் ஒருவருக்கும் அவர்களைத் தெரியவில்லை. "எங்களுக்கு ஊரு தெரியாதுங்க. கங்காணி ஊரைத்தான் எழுதுனோம்" என்று அந்தத் தாயி பின்னால் சொன்னது. எங்கள் பாட்டி மட்டும், இது கண்டித் தாத்தா வாரிசு என்று தானாகவே முடிவுகட்டி, தொழுவத்தை ஒட்டிய அறையை ஒழித்துக் கொடுத்தாள். தாள் எதையும் கேட்கவில்லை. சாதியை மட்டும் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். ஒரு வருஷத்துக்குள் அவர்கள் கோத்தகிரிப் பக்கம் தேயிலை வேலைக்குப் போய்விட்டார்கள்.