சுரையாவும் சுஹைலும்: விண்மீன்களின் பிறப்பும் முதுமையும் மறைவும்

நம் இல்லங்களில் பெண் பிள்ளைக்குச் சுரையா என்றும் ஆண் பிள்ளைக்குச் சுஹைல் என்றும் பெயரிட்டு மகிழ்கிறோம். ஒரு நாளில் எத்தனையோ முறை அப்பெயர்களைச் சொல்லி அழைக்கிறோம். அவ்விரு பெயர்களும் வானத்திலிருந்து இறங்கி வந்தவை என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

தமிழர் கார்த்திகை என்றழைக்கும் சிறிய விண்மீன் கூட்டத்திற்கு அரபியர் இட்ட பெயரே சுரையா. தென் திசையில் தாழ்வாகத் தனித்து ஒளிரும் அகத்திய விண்மீனே சுஹைல். பெயரை அறிந்த நாம் பெயருக்குரியவரைப் பார்த்ததில்லை. தை, மாசி மாதங்களில் இஷா தொழுகைக்குப் பின் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குச் செல்லுங்கள். தலைக்கு மேலே சற்று மேற்கில் சுரையாவையும், தெற்கே சுஹைலையும் ஒரே வேளையில் காணலாம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வானத்தில் விண்மீன்களின் பிறப்பு, இளமை, முதுமை, மறைவு ஆகிய அனைத்தும் நம் கண்முன்னே விரிந்து கிடக்கின்றன.

பெயர் சூட்டியவர்கள்

பாரசீகத்தைச் சேர்ந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி என்னும் வானியல் அறிஞர், 964ஆம் ஆண்டளவில் நிலைத்த விண்மீன்களைப் பற்றிய நூலொன்றை அரபு மொழியில் இயற்றினார். 48 விண்மீன் குழுக்களை வரைபடங்களுடன் விளக்கிய நூல் அது. இத்தகைய அரபு நூல்கள் பின்னர் ஐரோப்பாவில் மொழிபெயர்க்கப்பட்டமையால், இன்றும் உலகெங்கும் பல விண்மீன்கள் அரபுப் பெயர்களாலேயே வழங்குகின்றன. ‘ரிஜ்ல்’ என்றால் கால். ஓரியன் குழுவின் கால் பகுதியில் உள்ள நீல நிற விண்மீன் ரைஜல் எனப்படுகிறது. நாம் ரோகிணி என்பதை மேலை நாட்டார் அல்டெபரான் என்பர். சுரையாவைப் பின்தொடர்ந்து உதிப்பதால் ‘பின்தொடர்வது’ என்னும் பொருள்பட அரபியர் இட்ட பெயர் அது.

விண்மீன் பிறப்பது எவ்வாறு?

ஓரியன் குழுவின் நடுவில் மூன்று விண்மீன்கள் நேர் வரிசையில் நிற்பதைக் காண்பீர்கள். அவற்றுக்குத் தென்புறம் மங்கலான வெண்புகை போன்ற ஒரு திட்டு தெரியும். அதுவே ஓரியன் நெபுலா. நம்மிடமிருந்து ஏறத்தாழ 1,340 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அது, விண்மீன்கள் பிறக்கும் இடமாகும்.

விண்வெளியில் ஹைட்ரஜன் வாயுவும் தூசும் கலந்த பெரும் முகில்கள் மிதக்கின்றன. அவற்றின் ஒரு பகுதி தன் ஈர்ப்பாலேயே சுருங்கத் தொடங்குகிறது. சுருங்கச் சுருங்க அதன் மையம் சூடேறுகிறது. வெப்பம் ஏறத்தாழ ஒரு கோடி டிகிரியை எட்டும்போது ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாக மாறுகின்றன. அவ்வேளையில் வெளிப்படும் ஆற்றலே விண்மீனின் ஒளி. நம் சூரியனின் மையத்தில் ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 60 கோடி டன் ஹைட்ரஜன் இவ்வாறு மாறுகிறது. அதில் 40 இலட்சம் டன் பொருள் முற்றிலும் ஆற்றலாகி வெளியேறுகிறது.

ஈர்ப்பு விசை விண்மீனை உள்நோக்கி நெருக்குகிறது. மையத்து வெப்பம் அதனை வெளிநோக்கித் தள்ளுகிறது. இவ்விரண்டும் சமமாக நிற்கும் காலமே விண்மீனின் வாழ்நாள். எரிபொருள் குறைந்தால் ஈர்ப்பின் கை ஓங்கிவிடும்.

நிறம் கூறும் செய்தி

விண்மீன்கள் அனைத்தும் வெண்மை என்று எண்ணிவிடாதீர்கள். ரைஜல் நீலம் கலந்த வெண்மை, திருவாதிரை செம்மை. கொல்லன் உலையில் காயும் இரும்பு முதலில் சிவந்து, பின்னர் மஞ்சளாகி, வெப்பம் மிகும்போது வெளுப்பதைக் கண்டிருப்பீர்கள். விண்மீன்களும் அவ்வாறே. சிவந்தவற்றின் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 3,000 டிகிரி. மஞ்சளாகத் தோன்றும் நம் சூரியனுக்கு 5,500 டிகிரி. நீல விண்மீன்களுக்கோ 10,000 டிகிரிக்கும் மேல். நாம் குளிர்ச்சியின் நிறமாகக் கருதும் நீலமே வானத்தில் மிகுந்த வெப்பத்தின் அடையாளம்.

எடை மிகுந்தால் ஆயுள் குறையும்

எரிபொருளை மிகுதியாகக் கொண்டு பிறந்த பெரிய விண்மீன் நீண்ட காலம் வாழும் என்றே எவரும் எண்ணுவர். உண்மை நேர்மாறானது. எடை கூடக்கூட மையத்தின் மீதான அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் எரியும் வேகம் பன்மடங்கு பெருகுகிறது. பெரும் முதலுடன் தொடங்கி, அதனினும் பெரும் செலவு செய்யும் வணிகனின் நிலை அது. சூரியனில் பத்திலொரு பங்கு எடையுள்ள சிறிய சிவப்பு விண்மீன் இலட்சக்கணக்கான கோடி ஆண்டுகள் எரியும். சூரியனின் ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டுகள். சூரியனைப்போல் இருபது மடங்கு எடையுள்ளதோ ஒரு கோடி ஆண்டுகள்கூட நிலைப்பதில்லை.

இப்போது சுரையாவையும் சுஹைலையும் மீண்டும் பாருங்கள். சுரையா கூட்டத்தின் வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள். பூமியில் டைனோசர்கள் தோன்றிய பின்னர் பிறந்த இளங்கூட்டம் அது. சுஹைலின் வயது அதனினும் குறைவு. சில கோடி ஆண்டுகளே. ஆயினும் சூரியனைப்போல் பல மடங்கு எடையும் பத்தாயிரம் மடங்கு ஒளியும் கொண்ட சுஹைல், மையத்து ஹைட்ரஜனை அதற்குள் செலவழித்துவிட்டு முதுமையில் அடியெடுத்து வைத்துவிட்டது. ஆண்டுக் கணக்கில் மூத்தது சுரையா. முதுமை எய்தியதோ சுஹைல்.

சூரியனின் முடிவு

நம் சூரியனுக்கு இப்போது வயது 460 கோடி ஆண்டுகள். இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் அதன் மையத்து ஹைட்ரஜன் தீர்ந்துபோகும். மையம் சுருங்க, வெளிப்புறம் ஊதிப் பெருத்துச் சிவக்கும். ரோகிணி இன்று இந்நிலையில்தான் இருக்கிறது. அதன் விட்டம் சூரியனுடையதைப்போல் நாற்பது மடங்குக்கும் மேல். இவ்வாறு வீங்கும் சூரியன் புதனையும் வெள்ளியையும் விழுங்கிவிடும். அதற்கு வெகு காலம் முன்பே, ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளில், கூடிவரும் வெயிலால் பூமியின் கடல்கள் வற்றத் தொடங்கியிருக்கும்.

பின்னர் சூரியன் தன் வெளி அடுக்குகளை விண்வெளியில் உதறிவிடும். எஞ்சும் மையம் வெண்குள்ளன் எனப்படும். ஓரியனுக்குத் தென்கிழக்கே வானத்து விண்மீன்களிலேயே பிரகாசமாகச் சுடர்விடும் சிரியஸுக்கு, அரபியரின் ஷிஃராவுக்கு, அத்தகைய துணையொன்று உண்டு. 1862இல் கண்டறியப்பட்ட அது பூமியின் அளவேயானது. எடையோ சூரியனுக்கு நிகர். அதன் பொருளில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் பல டன் எடையிருக்கும்.

வெண்குள்ளனுக்கும் ஓர் எல்லை உண்டு என்று கண்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930இல் மேற்படிப்புக்காகக் கப்பலில் இங்கிலாந்து சென்றபோது, 19 வயது இளைஞரான அவர் கணக்கிட்டுப் பார்த்தார். சூரியனைப்போல் 1.4 மடங்குக்கு மேல் எடையிருந்தால் வெண்குள்ளன் தாங்கி நிற்க இயலாது என்பது அவர் கண்ட முடிவு. 1935இல் லண்டனில் கூடிய அறிஞர் அவையில், அக்காலத்தின் பெரும் வானியலாளரான எடிங்டன் அதனை எள்ளி நகையாடினார். காலம் சந்திரசேகரின் பக்கமே நின்றது. 1983இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

பெரியவற்றின் பேரழிவு

சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் எடையுள்ளவற்றின் முடிவு கடுமையானது. அவற்றில் ஹீலியத்திற்குப் பின் கார்பன், ஆக்சிஜன், சிலிக்கன் என்று ஒவ்வொன்றாக எரிகின்றன. 25 மடங்கு எடையுள்ள விண்மீனில் ஹைட்ரஜன் எரிய ஏறத்தாழ 70 இலட்சம் ஆண்டுகள் ஆகும்; கார்பன் சில நூறு ஆண்டுகளில் தீரும்; சிலிக்கனோ ஒரே நாளில். இறுதியில் எஞ்சுவது இரும்பு. இரும்பை இணைத்து ஆற்றல் பெற இயலாது. தாங்கும் விசை அற்றுப்போகவே, மையம் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் நொறுங்கி விழ, வெளி அடுக்குகள் வெடித்துச் சிதறுகின்றன. இதுவே சூப்பர்நோவா.

1054ஆம் ஆண்டில் ரோகிணி இருக்கும் ரிஷபக் குழுவில் இத்தகைய வெடிப்பொன்று தோன்றியது. 23 நாட்கள் பகலிலும் அது தெரிந்ததாகச் சீன வானியலாளர்கள் எழுதி வைத்துள்ளனர். இன்று அவ்விடத்தில் நண்டு நெபுலா என்னும் சிதறலும், அதன் நடுவே விநாடிக்கு முப்பது முறை சுழலும் நியூட்ரான் விண்மீனும் உள்ளன. சுமார் 20 கிலோமீட்டர் விட்டத்திற்குள் ஒரு சூரியனினும் மிகுந்த எடை அடங்கிய உருண்டை அது. எடை இன்னும் மிகுந்திருந்தால், ஒளியும் தப்ப இயலாத கருந்துளையே மிஞ்சும்.

திருவாதிரையும் இம்முடிவை நோக்கியே செல்கிறது. 2019 இறுதியில் அது வழக்கத்திற்கு மாறாக மங்கியபோது வெடிக்கப்போகிறதோ என்று உலகமே உற்றுப் பார்த்தது. அது உமிழ்ந்த தூசு முகிலே ஒளியை மறைத்தது என்று பின்னர் தெரியவந்தது. எனினும் இன்னும் ஓர் இலட்சம் ஆண்டுகளுக்குள் அது வெடித்துவிடும் என்பது அறிஞர் கணிப்பு. அதன் ஒளி நம்மை அடைய 500 முதல் 700 ஆண்டுகள் ஆகும். ஆகவே நாம் இன்றிரவு காண்பது பல தலைமுறைகளுக்கு முந்தைய திருவாதிரை.

சிதறியவை எங்கே சென்றன?

வெடித்த விண்மீன்களின் பொருள் வீணாவதில்லை. அது விண்வெளி முகில்களில் கலந்து, புதிய விண்மீன்களுக்கும் கோள்களுக்கும் மூலப்பொருளாகிறது. நம் குருதியைச் சிவப்பாக்கும் இரும்பும், பிள்ளைகளின் எலும்பை வலுவாக்கும் கால்சியமும், சூரியன் தோன்றுவதற்கு முன்பே வாழ்ந்து மறைந்த விண்மீன்களில் விளைந்தவை. 2017இல் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய நிகழ்வை அறிஞர்கள் பதிவு செய்தனர். தங்கம் போன்ற கன உலோகங்கள் அத்தகைய மோதலில் உருவாகின்றன என்பதற்கு அது சான்றளித்தது. மணமகளின் கழுத்தில் மின்னும் தங்கத்திற்கும் அப்படியொரு கதை இருக்கக்கூடும்.

அடுத்த முறை உங்கள் வீட்டுச் சுரையாவையோ சுஹைலையோ பெயர் சொல்லி அழைக்கும்போது, ஒருமுறை மாடிக்கும் அழைத்துச் செல்லுங்கள். விரலை நீட்டி அப்பெயருக்குரிய ஒளியைக் காட்டுங்கள். அந்த ஒளி எங்கிருந்து வந்தது, எப்போது புறப்பட்டது என்பதை எடுத்துச் சொல்லுங்கள். வானத்தை அண்ணாந்து பார்க்கப் பழகிய பிள்ளை கேள்வி கேட்கப் பழகும். அறிவின் வாயில் அங்கிருந்துதான் திறக்கிறது.