குடிகள் யாரென்று கூறாத அரசியல் திட்டம்

ஒரு தேசம் அந்நிய ஆட்சியினின்றும் விடுபட்டுத் தனக்கென ஓர் அரசியல் திட்டத்தை வகுத்துக்கொள்ளும்போது, சபைகள் எத்தனை, மந்திரிகள் எவ்வாறு நியமனம் பெறுவர், நீதிபதிகளை நீக்கும் அதிகாரம் யாரிடத்தில் உள்ளது என்பனவற்றையெல்லாம் விரிவாக எழுதியவர்கள், அந்தத் தேசத்தின் பிரஜைகள் யாவர் என்பதை மட்டும் எழுதாமல் விட்டால் என்ன நிகழும் என்பதைக் இலங்கையில் கொத்மலை முதல் மஸ்கெலியா வரையுள்ள தேயிலைத் தோட்டங்களின் சரித்திரத்திலே காணலாம்.

இந்தியாவில் அரசியல் நிர்ணய சபை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கூடி விவாதித்தது. பிரஜாவுரிமை பற்றி அச்சபை வகுத்த விதிகள், யாப்பின் பெரும்பகுதி அமுலாவதற்கு முன்னரே, 1949 நவம்பர் 26ஆம் தேதியன்றே நடைமுறைக்கு வந்தன. இலங்கையிலோ அத்தகைய சபை அப்போது கூடவில்லை. டி. எஸ். சேனநாயக்கா தலைமையில் மந்திரிகள், சர்வகலாசாலைத் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸின் துணையோடு 1944இல் ஒரு நகலை ஆக்கினர். அவ்வாண்டின் இறுதியில் வந்திறங்கிய சோல்பரிப் பிரபுவின் ஆணைக்குழு அதையே பெரும்பாலும் தழுவி அறிக்கை சமர்ப்பித்தது. 1945 நவம்பரில் அரசாங்க சபை 51க்கு 3 என்ற வாக்குகளால் அதை ஏற்றது. 1948 பெப்ரவரி 4ஆம் தேதி சுதந்திரம் பிறந்தபோது நாட்டை ஆண்ட யாப்பு இதுவே.

அதில் சிறுபான்மையோர்க்குக் காப்பாக அமைந்தது 29ஆம் பிரிவு. ஏனைய சமூகத்தினர்மீது சுமத்தப்படாத தடையையோ இயலாமையையோ ஒரு சமூகத்தினர்மீது மட்டும் சுமத்தும் சட்டம் எதனையும் பாராளுமன்றம் இயற்றலாகாது, இயற்றினால் அது செல்லாது என்று அது விதித்தது. சொற்களில் குறையொன்றுமில்லை. ஆயின் பிரஜை யார், வாக்காளன் யார் என்ற வரையறை யாப்பினுள் இல்லாமையால், அதனைச் சாதாரணப் பெரும்பான்மையைக்கொண்டு தீர்மானிக்கும் வாய்ப்பு பாராளுமன்றத்திடமே எஞ்சி நின்றது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இந்திய வம்சாவழித் தோட்டத் தொழிலாளர் வாக்களித்து, நுவரெலியாவில் சௌ. தொண்டமானையும், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையையும், கொட்டகலையில் கே. குமாரவேலுவையும், நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கத்தையும் பிரதிநிதிகள் சபைக்கு அனுப்பியிருந்தனர். அடுத்த ஆண்டிலேயே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையிற் பிறந்த ஒருவன் வம்சாவழியாற் பிரஜையாக வேண்டுமாயின், அவன் தந்தையும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும்; அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். லயன் காம்பராவிலே பிறந்து, தோட்டத்துச் செக்ரோலிலே பெயர் ஏறி, கொழுந்து சுமந்தே வாழ்நாளைக் கழித்தவர்கள், தந்தையின் பிறப்புச் சாட்சிப்பத்திரத்துக்கு எங்கே போவார்கள்? 1949இல் வந்த வேறொரு சட்டம், குறித்த கால வதிவையும் போதிய ஜீவனோபாயத்தையும் நிரூபிப்போர் பதிவு பெறலாம் என்றது. சுமார் 8 லட்சம் பேருக்காக மனுக்கள் போயின. உரிமை கிட்டியது ஏறத்தாழ 134,000 பேருக்கே. அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜையல்லாதார் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றிற்று.

29ஆம் பிரிவு இங்கே அவர்களைக் காப்பாற்றியிருக்க வேண்டும். ருவன்வெல்லைத் தொகுதி இடாப்பில் பெயர் சேர்க்கப்படாத கோடக்கன்பிள்ளை என்பவரின் வழக்கில், இடாப்பை மீளாய்வு செய்த அதிகாரி அச்சட்டங்கள் செல்லாவென்றே தீர்த்தார். உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. 1953இல் இங்கிலாந்தின் கோமறைக் கழகமும், தன் பிரஜைகள் யாரென நிர்ணயிப்பது எந்த அரசுக்கும் இயல்பான அதிகாரமே எனக் கூறி மேன்முறையீட்டைத் தள்ளியது. சட்டத்தின் வாசகத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. அதன் பயனை அனுபவித்தவர்களோ இன்னாரென்று நாடறியும். வாசகத்தை மட்டும் நோக்கி விளைவை நோக்காத அத்தீர்ப்பு, எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் என் மனத்துக்கு ஒப்பவில்லை.

இதனோடு பிணைந்த இன்னொரு அநீதி அதிகம் பேசப்படுவதில்லை. 75,000 பேருக்கு ஓர் ஆசனம், ஆயிரம் சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்ற கணக்கிலே தொகுதிகள் வகுக்கப்பட்டன. அக்கணக்கில் சேர்ந்தவர்கள் வாக்காளர்கள் மட்டுமல்லர், குடிசனம் முழுவதுமே. ஆகவே ஆசனங்களைப் பெறுவதற்குத் தோட்டத்து மக்களின் தலைகள் எண்ணப்பட்டன. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த ஆசனங்களை நிரப்பும் உரிமையோ அவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு இருக்கவில்லை. எஞ்சிய சிறு தொகையினரின் வாக்குகள் அதனாற் பன்மடங்கு கனம் பெற்றன. மலைநாட்டுத் தமிழர் ஒருவரேனும் அவ்வாண்டு தெரிவாகவில்லை.

1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை இரு நாடுகளுக்கிடையே பங்கிட முனைந்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிகுதி பின்னர். 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பு 29ஆம் பிரிவையே கைவிட்டது. 1978ஆம் ஆண்டு யாப்பின் 26ஆம் உறுப்புரை, வம்சாவழிப் பிரஜை, பதிவுப் பிரஜை என்ற பேதத்தை நீக்கியது. நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்கு 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வழி திறந்தன.

எனினும் அவ்விரண்டும் சாதாரணச் சட்டங்களே. 1948இல் ஒரு சாதாரணச் சட்டம் பறித்ததை அவை மீட்டுத் தந்தன. ஆதலால் புதிய யாப்பின் நகல் எப்போது வெளியானாலும், அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துக்குச் செல்லுமுன், பிரஜாவுரிமை அத்தியாயத்தை நம்மவர் வரிவரியாகப் படித்தல் வேண்டும்: ஒருமுறை பெற்ற பிரஜாவுரிமையைப் பெரும்பான்மை வாக்கொன்றாற் பறிக்க இயலாதென்று அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று.