ஒன்றையொன்று நேசிக்கும் எண்கள்

நட்பு மாந்தர்க்கு மட்டுமே உரியதன்று. எண்களுக்கும் உண்டு என்பர் கணித நூலார். 93,63,584 என்னும் எண்ணுக்கு, அவ்வெண் நீங்கலாக, 31 காரணிகள் உள. அவற்றைக் கூட்டினால் 94,37,056 வரும். இவ்வெண்ணுக்கு, அது நீங்கலாக, 15 காரணிகள் உள. அவற்றைக் கூட்டினாலோ மீண்டும் 93,63,584! இத்தகைய இணைகளை அரபுக் கணித அறிஞர்கள் 'ஒன்றையொன்று நேசிக்கும் எண்கள்' என்று பொருள்பட அழைத்தனர்.

பண்டைக் கிரேக்கர் அறிந்திருந்தது 220, 284 என்னும் ஓர் இணையே. பிற இணைகளைக் காண விதி வகுத்து மெய்ப்பித்தவர், ஹர்ரானில் பிறந்து பக்தாதில் பணியாற்றி 901இல் மறைந்த தாபித் இப்னு குர்ரா ஆவார். 2, 4, 8 என இரட்டித்துச் செல்லும் வரிசையில் அடுத்தடுத்த இரண்டு எண்களை எடுத்துக்கொள்க. 64, 128 எனக் கொள்வோம். இவற்றை 3ஆல் பெருக்கினால் 192, 384. ஒவ்வொன்றிலும் 1 கழிக்க, 191, 383. 192, 384 ஆகியவற்றின் பெருக்கற்பலனில் 1 கழிக்க, 73,727. இம்மூன்றும் பகா எண்களாயின் இணை பிறக்கும். 128ஐ 191, 383 ஆகியவற்றால் பெருக்க ஓர் எண். 73,727ஆல் பெருக்க மற்றோர் எண்.

எல்லா இடத்தும் விதி பலிப்பதில்லை. 4, 8 எனத் தொடங்கினால் மூன்றாம் எண் 287; அது 7, 41 ஆகியவற்றின் பெருக்கமாதலின் இணை கிட்டாது. 73,727 பகா எண்ணே என்று தெளிய, 271 வரையுள்ள 58 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தல் வேண்டும். கணிப்பொறியற்ற காலத்தில் அஃது எத்துணை உழைப்பு!

17,296, 18,416 என்னும் இணையைப் பிரான்சின் ஃபெர்மா 1636இல் அறிவித்தார். அதற்கு முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே கமாலுத்தீன் அல்-ஃபாரிஸீ அதனைக் கண்டிருந்தார். நாம் தொடக்கத்திற் கண்ட பேரிணையை டெகார்ட் 1638இல் வெளியிட்டார். அதே நூற்றாண்டில் ஈரானின் முஹம்மது பாகிர் யஸ்தீயும் அதனைக் கண்டறிந்தார்.

இவற்றை நம் முன்னோர் பெருமையாக மேடைகளில் முழங்குவோர் உளர். முழங்குமுன் ஓர் உண்மையையும் உணர்தல் நன்று. தாபித் முஸ்லிம் அல்லர், ஸாபியீ சமயத்தவர். அவரைப் போற்றி இடமளித்தது பக்தாதின் பெருமை. அவர் விதியைப் பயின்று மேற்கொண்டு கணக்கிட்டது ஃபாரிஸீ, யஸ்தீ ஆகியோரின் பெருமை. மாணவச் செல்வங்களே! அப்பெருமையில் பங்கு வேண்டுவோர், தாளும் எழுதுகோலும் எடுத்து 73,727ஐ ஒருமுறை வகுத்துப் பார்ப்பீர்களாக!