காலவரைபடமும் பிழைக்கோடும்

இலக்கிய வரலாறு எழுதுவோர்க்குத் தொல்லியல் தரும் ஆண்டுகள் இன்றியமையாத் துணையாகும். 2019-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை வெளியிட்ட கீழடி அறிக்கையில் கண்ட கி.மு. 580 என்னும் ஆண்டு இன்று பலர் நாவிலும் வழங்குகின்றது. எனினும், கரிமக் கணிப்பு தருவது ஒரு புள்ளியன்று; ஓர் இடைவெளியே. அதனை வரைபடத்தில் காட்டுவது பிழைக்கோடு. பிழை என்பது ஈண்டுத் தவற்றைக் குறியாது. அளவையின் உறுதி எத்துணைத்து என்பதையே குறிக்கும்.

ஆய்வகம் 2450 ± 30 எனக் குறித்ததாகக் கொள்வோம். 1950-இலிருந்து பின்னோக்கி எண்ணும் கரிம ஆண்டு 2420-க்கும் 2480-க்கும் இடைப்பட்டிருத்தற்கு நூற்றுக்கு 68 வாய்ப்பு உண்டு என்பதே இதன் பொருள். மரவளையங்களைக் கொண்டு அமைத்த திருத்த வளைகோட்டோடு ஒப்பிட்ட பின்னரே நாட்காட்டி ஆண்டு பெறப்படும். கி.மு. 800 முதல் 400 வரை அவ்வளைகோடு ஏறத்தாழச் சமதளமாகக் கிடத்தலின், சிறிய ஐயமும் சில நூற்றாண்டுகளாக விரியும்; இருபுறமும் ஒத்த அளவினதாகவும் அமையாது. கி.மு. 580 இவ்வெல்லைக்கு உட்பட்டதாதல் கருதத்தக்கது.

இனி, இதனை அச்சிடுமாறு காண்போம். டொனால்டு நூத் படைத்த டெக் என்னும் அச்சுக்கோப்பு மொழியும், அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் அமைத்த லாடெக்கும் ஆய்வேடுகளுக்குப் பெரிதும் பயன்படுகின்றன. லாடெக்கில் வரைபடம் தீட்டுதற்குரிய தொகுப்புகளுள் பிஜிஎஃப்பிளாட்ஸ் ஒன்று. அதில் பிழைக்கோடு வரைதற்கு மூன்று செய்திகள் வேண்டும். முதலாவது திசை: கூட்டற்புறம், கழித்தற்புறம், இருபுறம் என்பவற்றுள் ஒன்றைக் குறித்தல் வேண்டும், குறியாது விடின் 'இல்லை' என்றே கொள்ளப்பட்டுக் கோடு தோன்றாது. இரண்டாவது அளவின் வகை: எல்லாப் புள்ளிகட்கும் ஒரே அளவாயின் 'ஃபிக்ஸ்ட்' எனவும், புள்ளிதோறும் வேறாயின் 'எக்ஸ்பிளிசிட்' எனவும் எழுதுக. மூன்றாவது அட்டவணை: கூட்டற்பிழைக்கு ஒரு பத்தியும் கழித்தற்பிழைக்கு ஒரு பத்தியும் தனித்தனியே அமைத்து, அவற்றின் பெயர்களைக் கட்டளையில் சுட்டுதல் வேண்டும்.

கால ஆய்வுக்கு இப்பிற்கூறிய முறையே ஏற்றது. ஒரே அளவை இருபுறமும் இட்டால் வளைகோட்டின் இயல்பு மறைந்துவிடும். இரண்டு அகழிடங்களின் கோடுகள் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று படியுமாயின், புள்ளிகளை மட்டும் நோக்கி இது முந்தியது, அது பிந்தியது எனத் துணிதல் பொருந்தாது. தொன்மைக்கு வாதிடுவார்க்கும் மறுப்பார்க்கும் இவ்வரம்பு ஒன்றே. ஐயத்தின் அளவை மறையாது காட்டுதல் ஆய்வுக்கு வலிமையே தரும்; குறைவு தாராது என்க.