இறுக்குவது பாதி, விடுவது பாதி

டீயைக் குடியுங்கள் தம்பி, ஆறிவிடும். ஆணுறுப்புக்குப் பயிற்சி உண்டா என்று கேட்பது கூச்சப்பட வேண்டிய விஷயமில்லை. கூச்சப்பட்டவர்கள்தான் கடைசியில் லாட்ஜில் முகாம் போடும் வைத்தியரிடம் போய்ப் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

முதலில் வேண்டாததைத் தள்ளிவிடுவோம். உறுப்பைக் கையால் இழுத்து உருவி நீளத்தைக் கூட்டுகிறேன் என்று ஒரு பயிற்சி யூடியூபில் சுற்றுகிறது. ஏற்றிப் பெருக்க அது புஜம் அல்ல. உள்ளே இருப்பது ரத்தம் நிரம்பினால் விறைக்கும் திசு. அதைச் சுற்றி ஓர் உறை. அந்த உறை காயப்பட்டால் தழும்பு விழும், உறுப்பு அந்தப் பக்கமாக வளையும், வலிக்கும். கூடுவதாகச் சொல்லும் நீளத்துக்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை.

பயிற்சிக்கு மசிவது வேறொன்று: இடுப்புத்தளத் தசை. முன்பக்கம் அந்தரங்க எலும்பிலிருந்து பின்பக்கம் வால் எலும்பு வரை தூளி கட்டினாற்போல் கிடக்கிறது. சிறுநீரை அடக்குவதும் மலத்தை அடக்குவதும் இதன் வேலை. விறைப்பின்போது உறுப்பின் வேர்ப்பகுதியை அழுத்தி ரத்தத்தை உள்ளே நிறுத்துவதும் இந்தக் கூட்டத்துத் தசைகள்தான். பிரசவத்துக்குப் பின் சிறுநீர் கசியும் பெண்களுக்காக ஆர்னால்டு கீகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948இல் எழுதிய பயிற்சி, பிறகு ஆண்களுக்கும் வந்தது. யோகாசனம் கற்றவர்கள் மூலபந்தம் என்று ஏறக்குறைய இதையேதான் செய்கிறார்கள்.

பலன் உண்டா? பிரிட்டனில் கிரேஸ் டோரி என்ற பிசியோதெரபிஸ்ட் விறைப்புக் குறைவுள்ள 55 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. ஆறு மாதத்தில் 40 சதவீதம் பேருக்கு முழுதாகச் சரியானது. சுமார் கால்வாசிப் பேருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, செய்முறை. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். தசையை அடையாளம் காண, சிறுநீர் போகும்போது ஒரே ஒருமுறை நடுவில் நிறுத்திப் பாருங்கள். உள்ளே ஏதோ மேலே ஏறுகிறதே, அதுதான். பிறகு அங்கே பழகக் கூடாது. அடிக்கடி நிறுத்தினால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாது. வீட்டில் முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்துக்கொண்டு, உறுப்பை உள்ளே இழுத்துக் குட்டையாக்குவதுபோல் நினைத்து இறுக்குங்கள். சரியான தசை இறுகினால் உறுப்பின் அடிப்பகுதி லேசாக உள்ளே போகும், விதைகள் கொஞ்சம் மேலேறும். கண்ணாடியில் பார்த்தே சோதிக்கலாம். பிட்டம் இறுகினாலோ, தொடை நெருங்கினாலோ, மூச்சு நின்றாலோ தப்பு. கீழ்நோக்கி முக்குவது அதைவிடப் பெரிய தப்பு.

ஐந்து விநாடி பிடித்து, ஐந்து விநாடி முழுதாக விடுங்கள். இந்த விடுவதைத்தான் யாரும் மதிப்பதில்லை. தளராத தசை அடுத்த முறை இறுகவும் செய்யாது. நாள் முழுக்க இறுக்கியே வைத்திருந்தால் அடிவயிற்றிலும் விதையிலும் வலி வரும். பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை போதும். போகப் போகப் பத்து விநாடி வரை நீட்டலாம். படுத்துச் செய்தது பழகியதும் உட்கார்ந்து, நின்று. ஏற்கெனவே அங்கே வலி இருப்பவர்கள் தொடங்கவே வேண்டாம், மருத்துவரைப் பார்க்கட்டும். சிறுநீர் கழித்து முடித்ததும் ஒரு இறுக்கு இறுக்கினால் குழாயில் தங்கிய சொட்டு வெளியேறி, வேட்டி நனையாமல் தப்பும். இந்தச் சின்ன லாபம் சீக்கிரமே கிடைக்கும். மற்றதற்கு மூன்று மாதமாவது ஆகும்.

ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். உறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய் இதயக் குழாயைவிடச் சன்னமானது. கொழுப்போ சர்க்கரையோ புகையோ குழாயைக் கெடுத்தால் முதலில் அங்கேதான் விறைப்புக் குறைவாகத் தெரியும், மாரடைப்புக்குச் சில வருடம் முன்பேகூட. நீங்கள் கடைசியாக சுகர், பிரஷர் பார்த்தது எப்போது?