பழைய பியூஸ் பெட்டியும் மின்கசிவு தடுப்பானும்

பாலாற்றுப் பள்ளத்தாக்கில் வேலூர் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரையுள்ள குடியானவர் வீடுகளுள், மின்சாரம் வந்த நாளில் வைத்த பீங்கான் பியூஸ் கட்டைகளையே இன்றும் உடையவை உண்டு. பியூஸ் இருப்பதால் ஆளுக்கு அபாயமில்லை என்று அவ்வீட்டார் நம்புகின்றனர். பியூஸ் காப்பது கம்பியையே, மனிதனையன்று.

இதனைக் கணக்கிட்டே அறியலாம். நனைந்த உடலின் மின்தடை ஏறக்குறைய 1,000 ஓம் எனக் கொண்டால், 230 வோல்ட்டில் அதன் வழியே பாய்வது கால் ஆம்பியருக்கும் குறைவு. உயிரைப் போக்க அது போதும். 5 ஆம்பியர் பியூசோ அதற்கு அசைவதேயில்லை. பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த செப்புக் கம்பியைச் சுற்றி வைத்த வீடாயின் சொல்லவே வேண்டுவதில்லை.

எர்த் குழி இருக்கிறதே எனலாம். ஏலகிரி, ஜவ்வாது மலையடிவாரத்துப் பாறை நிலம் கோடையில் வறண்டு, குழியின் தடை 100 ஓம் ஆகுமாயின், பழுதுற்ற மோட்டாரிலிருந்து பூமிக்குச் செல்வது 2.3 ஆம்பியரே. பியூஸ் உருகாது; மோட்டாரின் இரும்புக்கூடு மின்னேறியபடியே நிற்கும். தோல் பதனிடும் கழிவினால் உப்பேறிய கிணற்று நீரில் கால் நனைய நிற்பவனுக்கு இடர் இன்னும் மிகுதி. உப்பு நீர் மின்சாரத்தை எளிதிற் கடத்தும்.

இதற்குப் பரிகாரம், கடைக்காரர் இ.எல்.சி.பி. அல்லது ஆர்.சி.சி.பி. என்னும் மின்கசிவு தடுப்பானாகும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல், உடல் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்று பல்லாண்டு ஆராய்ந்து, 1961இல் இவ்வகைக் கருவி ஒன்றை அமைத்தார். போகும் கம்பியிலும் திரும்பும் கம்பியிலும் ஓடுவது சமமா என்று கருவி ஒப்பிடும். 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டால் 0.3 நொடிக்குள் துண்டிக்கும். தொட்டவனுக்கு அதிர்ச்சி தெரியும், ஆனால் நீடிக்காது.

வாங்கும்போது ஏமாறலாகாது. எம்.சி.பி.யும் பார்வைக்கு இதுபோன்றதே. அது பியூசின் வேலையை மட்டும் செய்யும். இரண்டும் வேண்டும். ‘டெஸ்ட்’ பொத்தானும், 30 மில்லி ஆம்பியர் என்ற குறிப்பும், ஐ.எஸ். 12640 முத்திரையும் உள்ளனவா என்று பார்க்க. உரிமம் பெற்ற கம்பியாளரே பொருத்த வேண்டும்.

பொருத்திய மறுநாளே அடிக்கடி விழுகின்றதென்று சிலர் கழற்றிவிடுகின்றனர். குற்றம் பெரும்பாலும் கருவியுடையதன்று. மாட்டுத் தொழுவ விளக்கின் நியூட்ரலை எர்த்துடன் முடிந்திருப்பர்; அல்லது பக்கத்து வீட்டு நியூட்ரலோடு சேர்த்திருப்பர். அதைத் திருத்துவதே முறை.

மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்தி, விழுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் இரு கைகளால் ஒருங்கே பற்றினவனை மட்டும் இக்கருவி காவாது. கிராம அதிகாரிகள் பஞ்சாயத்து அலுவலகத்திலும் சத்துணவுக் கூடத்திலும் முதலில் பொருத்துவித்தால் ஊராரும் கேட்டு வாங்குவர். கிணற்றடி மோட்டாருக்கு வீட்டுக் கருவி உதவாது. மும்முனை மின்சாரத்திற்குரியதைப் பம்புக் கொட்டகையிலேயே தனியே வைக்க வேண்டும்.